சிஜோவின் இருநூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

என் தம்பி சிஜோ ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்தில் பிழை இருக்கலாம். தேதியில் இருக்காது.

1987-ல் பிறந்தபோது அழுவதற்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டான். ஆறு மாதம் தாண்டமாட்டான் என்றார்கள். தாண்டினான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை. என் பழைய பாடப்புத்தகங்களை வைத்து ஏழு வயதில் வாசிக்கக் கற்றான். கோயிலில் கொடுக்கும் அப்பம் தொண்டையில் சிக்கிவிடும் என்று பயந்து, அதை முதன்முதலாக வாங்கும் புதுநன்மையை அவனுக்கு மூன்று வருடம் தள்ளிவைத்தார்கள். நான்காம் வருடம் விழுங்கிக் காட்டினான். 2004-ல் அலை வந்த ஞாயிற்றுக்கிழமை அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய இரண்டு பேரில் ஒருவர் இடறி விழுந்தார். மற்றவரின் தோளில் கிடந்தபடியே கோயில் மாடி ஏறினான். 2007 பங்குத் திருவிழாவில் நடந்த கால்பந்து வினாடி வினாவில் தனி ஆளாக உட்கார்ந்து, நான்கு பேர் கொண்ட என்ஜினியரிங் கல்லூரி அணியைத் தோற்கடித்தான். பதில் சொல்ல அவனுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அது நியாயமில்லை என்று எதிரணி சொல்லி முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டான்.

2010-ல் பதினொரு அட்டைகளைக் கொடுத்து ஒரே ஒரு அட்டை வாங்கினான். அதை ஜெயிப்பு என்று அன்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவனுக்குப் பெருமூளை வாதம். கால் இரண்டும் ஊன்றாது. வலது கை மடங்கியே இருக்கும். இடது கை சொன்னதைக் கேட்கும், ஆனால் உடனே கேட்காது. பேச்சும் அப்படித்தான். ஐந்து வார்த்தை சொல்வதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்தது, முழு வாக்கியத்தையும் நின்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததில்தான்.

எங்கள் பழைய வீடு மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடற்கரையிலேயே இருந்தது. வாசலில் சாக்கை விரித்து உட்கார வைத்தால், மணலில் பந்து விளையாடுவதைப் பொழுது சாயும்வரை பார்ப்பான். அலைக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, நான்காம் வரிசையில், அறுபத்து மூன்றாம் நம்பர். 2006 செப்டம்பரில் சாவி தந்தார்கள். சக்கர நாற்காலி அந்த வீட்டின் கதவில் நுழையாது. இருக்கையைக் கழற்றி, அவனைத் தனியாக, நாற்காலியைத் தனியாக வெளியே எடுக்க இரண்டு ஆண்கள் வேண்டும். அப்பா மரியஜான் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. என் கணவர் ஜான்ரோஸ் தோஹாவில். அதனால் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பங்குத் திருவிழா, இந்த மூன்றுக்குத்தான் சிஜோ வெளியே வந்தான். மற்ற நாட்களில் எட்டுக்குப் பத்து அறை, ஒரு கட்டில். கட்டிலில் கிடந்தால் ஜன்னல் வழியாகக் கரண்டுக் கம்பி மட்டும் தெரியும். மேற்குக் காற்று அடித்தால் மைதானத்து விசில் கேட்கும். யார் கோல் அடித்தார்கள் என்று தெரியாது.

அந்த டிசம்பரில் ஜான்ரோஸ் விடுமுறைக்கு வந்தபோது ஒரு அட்டைப்பெட்டியைச் சிஜோவின் மடியில் வைத்தார். கால்பந்து ஆட்டக்காரர்களின் படம் போட்ட சின்ன அட்டைகள். சீட்டுக்கட்டு அளவு இருக்கும். ஒரு பாக்கெட்டில் ஆறு. எந்த ஆறு என்று பிரித்தால்தான் தெரியும். உலகக் கோப்பை முடிந்ததும் விற்காமல் தேங்கியதை அவர் வேலை பார்த்த சூப்பர் மார்க்கெட்டில் குப்பைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவர் கேட்டு வாங்கி வந்தார். மொத்தம் 140 பாக்கெட், 840 அட்டை. நான் எண்ணினேன். எண்ணி ஒரு நோட்டில் நம்பர் போட்டேன். பெயர்கள் என் வாயில் நுழையாததால் எனக்கு அவர்கள் எல்லாரும் நம்பர்தான்.

கட்டில் நிறைய விரிப்பேன். அவன் பார்ப்பான். நான் மீன் வியாபாரம் செய்கிறவள். செவுளைத் தூக்கிப் பார்த்ததும் எத்தனை மணிக்கு வலையில் பட்ட மீன் என்று சொல்வேன். அவன் அட்டையின் மூலையைப் பார்த்தான். நான்கு மூலையும் கூராக இருக்க வேண்டும். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் கரை நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். மினுமினுப்பு அட்டைகள் எங்கள் ஊர்க் காற்றில் ஆடி மாதத்தில் சுருளும் என்பதை முதல் வருடமே கண்டுபிடித்தான். அதனால் சாதா அட்டைகளை எடுத்தான்.

எடுத்தவை எல்லாம் பெயர் கேள்விப்படாதவை. அவன் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். கோப்பை ஜெயித்த கேப்டனை உலகம் முழுக்க எல்லாரும் பத்திரமாக வைத்திருப்பார்கள், எல்லாரிடமும் இருப்பதற்கு நாளைக்கு மதிப்பு இல்லை. ஆடி முடித்தவனை எடுக்காதே, ஆடத் தொடங்குகிறவனை எடு. ஒருவனுடைய முதல் அட்டைக்குத்தான் மதிப்பு, பிறகு நூறு அட்டை வரும். இரண்டு உலகக் கோப்பை பொறுத்திரு. கடைசியாக இதையும் சொன்னான்: காற்றும் உப்பும் விரலும் படக் கூடாது.

அவன் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது 212. முதல் சுற்றிலேயே வெளியேறிய ஒரு சின்ன நாட்டின் பத்தொன்பது வயதுக்காரன். மொத்தம் இருபது நிமிடம்தான் ஆடினானாம்.

பக்கத்து வரிசையிலிருந்து பெனின் வருவான். மணல் ஆலையில் காண்டிராக்ட் வேலை, ஊர் அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டம். சிஜோவிடம் முழு வாக்கியத்தையும் நின்று கேட்ட ஒரே ஆள் அவன். கேட்டுவிட்டுக் கேலி செய்வான், அது வேறு.

"ஏலே, இவன யாருக்குடே தெரியும்? இவனுக்க அம்மைக்கே தெரியாது."

"தெரியாததுனாலதான் எடுத்தேன்," என்றான் சிஜோ.

"அப்பம் என்னைய எடு. என்னையும் ஒருத்தனுக்கும் தெரியாது."

"நீ மூல மழுங்கினவன்."

அன்று 212 இரண்டு இருந்தன. ஒன்றில் கரை கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பெனினுக்குச் சும்மா கொடுத்தான்.

பெட்டி வந்த அதே கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் கோயில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் பாட்டுப் பாடி வந்தார்கள். என் அம்மா வேளாங்கண்ணி அட்டைகள் இருந்த பெட்டியைத் திறந்து ஆளுக்கு இரண்டு கொடுத்தாள். நாற்பது போயிற்று. சிஜோ கட்டிலில் இருந்து ஏதோ சொல்லத் தொடங்கினான். அவன் சொல்லி முடித்தபோது பிள்ளைகள் ரோட்டில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளையளு ஆசப்பட்டு நிக்குதுவ மக்கா," என்றாள் அம்மா. "நீ இத வச்சி என்ன செய்யப் போற?"

அன்று மாலை வேறு எதுவும் பேசாமல் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். நீண்ட நேரம் எடுத்துச் சொன்னான். "அக்கா, பெட்டி எனக்குள்ளதுன்னா, எனக்குள்ளதாட்டு இருக்கணும். நான் வச்சிருக்கணும்னா வச்சிருக்கணும். கொடுக்கணும்னா நான் கொடுக்கணும்." அவன் கேட்டது அது ஒன்றுதான். வெளியே கொண்டு போ என்றுகூடக் கேட்கவில்லை.

சரி என்றேன். சொல்லி இரண்டு வருடத்தில் அவனுடைய உதவித்தொகைக்காகவும் மற்றக் காரியங்களுக்காகவும் நான் காப்பாளர் என்று கலெக்டர் ஆபீசில் சான்று வாங்கினோம். அதன் பிறகு அவன் பெயரில் வந்த காகிதங்கள் எல்லாவற்றிலும் நானே கையெழுத்துப் போட்டேன். நல்லதுக்குத்தான் செய்தோம். இருபத்தோரு வயது ஆணின் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. அவன் அந்தக் காகிதத்தை வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

2009 ஜூன் 18. மழை பிடித்துவிட்டது. சுவரில் ஈரம் ஏறி, பெட்டியின் அடியில் வெள்ளைப் பூஞ்சை கண்டேன். அன்று நான் ஒரு சான்றிதழ் விஷயமாகத் தக்கலை தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். அவன் முதல் தரம் என்று தனியாக வைத்திருந்த எட்டு அட்டைகளை எடுத்து, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அவன் பார்த்தான்.

"பத்திரமாக்கி கொண்டு வாறேன் மக்கா," என்றேன்.

அவன் வாயைத் திறந்தான். பஸ்சுக்கு ஆறு நிமிடம் இருந்தது. "வந்து கேக்கேன்," என்று செருப்பைப் போட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு காகிதம் முக்கியம் என்றால் லேமினேட் செய்வார்கள். ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சான்று, அந்தோணியார் படம், செத்தவர்களின் போட்டோ, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும். அலை வந்த அன்று தப்பியவை அப்படி ஒட்டிய காகிதங்கள்தான். மற்றவை கரைந்து போயின. காற்றும் உப்பும் விரலும் படக் கூடாது என்று அவன் சொல்லி, என் கையால் எழுதிய நோட்டும் இருக்கிறது. ஆபீஸ் வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் எட்டு அட்டைகளையும் வரிசையாகக் கொடுத்தேன். மெஷினுக்குள் சூடாகப் போய் மினுங்கிக்கொண்டு வந்தன. ஓரத்தை ஒரே அளவாக வெட்டச் சொல்லி, கூடவே நின்று வெட்டுவித்தேன்.

வீட்டுக்கு வந்து அவன் மடியில் பரப்பினேன். 212-ஐ இடது கையால் எடுத்தான். சூட்டில் அட்டையும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகிவிட்டன. பிரித்தால் படம் உரியும். பிரிக்காவிட்டால் அது அட்டையே இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது அவன் முகத்தை மட்டும் பார்த்தேன்.

"கொள்ளாமா, நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

 பதினொரு நாள் யாரிடமும் பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தான். சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லித் தலையால் காட்டுவான். பெனின் இரண்டு தடவை வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனான். பன்னிரண்டாம் நாள், ஜூன் 30, காலையில் சொன்னான். "நீ போவும்போ நான் சொல்லத் தொடங்கினது, 'அக்கா, அத தொடாத.' மூணு வார்த்த."

 அன்றிலிருந்து, பஸ் போனாலும் போகட்டும் என்று அவன் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறேன்.

ஒரு தகரப்பெட்டியும் அதற்கு ஒரு பூட்டும் கேட்டான். வாங்கிக் கொடுத்தேன். சாவியைச் செபமாலையோடு கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். பூட்டை அவனால் திறக்க முடியாது. திறக்கச் சொல்ல முடியும். வீட்டில் எங்கள் மூன்று பேரில் எங்கும் போக முடியாதவன் அவன், போக முடியாத இன்னொன்று அந்தப் பெட்டி. இரண்டும் அடுத்தடுத்துக் கிடந்தன.

அடுத்த வருடம் மறுபடி உலகக் கோப்பை. மைதானத்தில் பெரிய திரை கட்டினார்கள். ஊரே இரண்டு நாட்டுக் கொடிக்குக் கீழே பிரிந்து சண்டை போட்டது. சிஜோவைத் தூக்கிப் போக ஆள் வருவதாகச் சொன்னார்கள். வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. போட்டிகள் தொடங்குவதற்கு முந்தின நாள், ஜூன் 10 வியாழக்கிழமை, பெனினை வரச்சொன்னான்.

"உனக்க கிட்ட 212 இருக்கா?"

"இருக்கும். பைபிளுக்குள்ள வச்ச ஞாபகம். அவனுக்கு ஒரு வேலையும் இல்லல்லா, அடையாளத்துக்கு வச்சேன்."

"எனக்கு வேணும்."

பெனின் என்னைப் பார்த்துச் சிரித்தான். "செசிலியக்கா, உங்க தம்பிக்க மொகத்தப் பாருங்க. இப்பம் நான் வெல கூட்டலாமா, கூடாதா?"

"அவங்கிட்டயே கேளு," என்றேன்.

சிஜோ பெட்டியைத் திறக்கச் சொன்னான். எனக்கே தெரிந்த பெரிய ஆட்டக்காரர்களின் அட்டைகளை எடுக்கச் சொன்னான். கோல்கீப்பர் ஒன்று, தடுப்பாட்டம் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று. உலகக் கோப்பை ஜெயித்த கேப்டனும் இருந்தார். ஒரு முழு அணியைக் கட்டிலில் நிறுத்தினான்.

"இது அம்புட்டும் உனக்கு. அது ஒண்ணு எனக்கு."

"வெளையாடாத மக்கா."

"வெளையாடத்தான் எனக்கு வராதே."

பெனினுக்குச் சங்கடமாகிவிட்டது. பாதி போதும் என்றான். சிஜோ விடவில்லை. பதினொன்றும் கொடுத்தால்தான் நாளைக்கு யாரும் ஏமாற்றி வாங்கினான் என்று சொல்லமாட்டார்கள் என்றான். ஊரில் அன்றைக்கே சிரித்தார்கள். வாசலில் வந்து நின்று அம்மாவிடம் சொன்னவர்களும் உண்டு: "வேளாங்கண்ணி, மவனுக்க பெட்டிய எடுத்து ஒளிச்சு வையும். நாளைக்கி வீட்ட கொடுத்து ஒரு தீப்பெட்டி வாங்குவான்." அம்மா ஒளித்துவைக்கத் தயாராகவே இருந்தாள். நான் குறுக்கே நின்றேன். கரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அதன் நான்கு மூலையும் கூராக இருந்தன. பைபிள் நன்றாக அழுத்தி வைத்திருந்தது.

மூன்று வருடம் அந்த அட்டை பூட்டிய பெட்டிக்குள் கிடந்தது. 2013-ல் பெனின் தன் போனில் ஒரு செய்தியைக் கொண்டுவந்து காட்டினான். 212 ஐரோப்பாவில் மிகப் பெரிய கிளப் ஒன்றுக்குப் போயிருந்தான். அவனுடைய முதல் அட்டையை வெளிநாட்டில் ஏலம் விடுகிறார்கள். பெனின் கட்டிலில் மல்லாந்து படுத்துவிட்டான். "பதினொரு பேரு எனக்க வீட்டுல சும்மா கெடக்கானுவ. ஒருத்தன் இங்க ராசாவாட்டு இருக்கான். ஏலே, நீ மனுசனா?"

செய்தி தோஹாவுக்கும் போயிற்று. 2014 மே மாதம் ஜான்ரோஸ் விடுமுறையில் வரும்போதே முடிவோடு வந்தார். திருவனந்தபுரத்தில் பழைய நாணயம், தபால்தலை, அட்டை வாங்கி விற்கும் செல்வதாஸ் என்பவரிடம் பேசி, வரச்சொல்லியும் விட்டார்.

"வேர்ல்ட் கப் வருது. இப்பந்தான் வெல. அந்தக் காசுல இவனுக்கு அகலக் கதவு வச்சி, சேர் போற மாதிரி குளிமுறியும் கெட்டிருவோம்," என்றார் என்னிடம். "எல்லாம் அவனுக்குத்தானே செசிலி."

எல்லாம் அவனுக்குத்தான். அவன் விஷயத்தில் யார் எதைச் செய்தாலும் அவனுக்காகத்தான் என்று சொல்லியே செய்தார்கள். அவனிடம் கேட்டீர்களா என்றேன். "நீதானே காப்பாளர்," என்றார். அவர் கெட்டவர் இல்லை. எட்டு மாதம் ஓவர்டைம் பார்த்து அவனுக்கு லேப்டாப் வாங்கித் தந்தவர்.

செல்வதாஸ் வந்தார். அறுபது வயது இருக்கும், கடை அங்கே என்றாலும் சொந்த ஊர் தக்கலை. சட்டைப் பையிலிருந்து ஒரு லென்சும் வெள்ளைக் கையுறையும் எடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பெட்டியின் அடியில் கிடந்த எட்டு பிளாஸ்டிக் அட்டைகளையும் பார்த்தார்.

"அய்யோ, இதாரு செய்தது?"

சிஜோ மெதுவாகச் சொன்னான். "எங்க அக்கா. இனி கடலே வந்தாலும் ஒண்ணும் ஆவாது."

செல்வதாஸ் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பத்து அட்டைகளைத் தனியாக வைத்தார். அச்சடித்த சீட்டு ஒன்றில் ஒன்று முதல் பத்து வரை எழுதினார். பத்தாவது 212. எது யாரிடமிருந்து வந்தது என்று விற்கிறவர் கையெழுத்தோடு இருந்தால்தான் நாளைக்குத் தான் விற்கும்போது மதிப்பு என்றார். சீட்டை என்னிடம் நீட்டினார்.

"அக்கா ஒப்பு போட்டா மதி, அது போதும். கார்டியன்லா."

பேனாவை வாங்கிவிட்டேன். ஜான்ரோஸ் ஜன்னலோரம் கையைக் கட்டி நின்றார். சிஜோவின் வாய் திறந்தது. கழுத்து நரம்பு இழுத்தது. ஜான்ரோஸ் ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டினேன். நின்றோம். அடுப்பில் எதுவோ தீய்கிற வாசனை வந்தது. அம்மாகூடப் போகவில்லை.

"ஒம்பது தாறேன்," என்றான். "பத்தாவது இல்ல."

"மக்கா, அதுதான்டே காசு," என்றார் ஜான்ரோஸ். "மத்த ஒம்பதும் கதவுக்குத்தான் எட்டும். குளிமுறிக்கு எட்டாது."

"கதவு மதி."

"இன்னும் வெல ஏறும்னு நெனைக்கியா?"

"அவன் ஆட்டத்த விடுறதுக்கு இன்னும் பத்து வருசம். அதுக்கு மேலயும் வைப்பேன்." மூச்சு வாங்கினான். "எறங்கினாலும் வைப்பேன் அத்தான்."

ஜான்ரோஸ் என்னைப் பார்த்தார். காப்பாளர் என்ற அந்தக் காகிதம் அலமாரியில் இருந்தது, அதையும் நான் லேமினேட் செய்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அட்டை போய்விடும். குளியலறை வந்துவிடும். அவனைத் தூக்கித் தூக்கி அம்மாவின் இடுப்பு ஒடிந்திருந்தது. அதையும் நினைத்தேன்.

"ஒம்பதுதான்," என்றேன்.

செல்வதாஸ் பெருமூச்சு விட்டு, பத்தாவது வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். "அடிச்ச எடத்துல ஒரு ஒப்பு வேணும். பொறவு கீழ ஒண்ணு."

நான் சீட்டைச் சிஜோவின் பக்கம் திருப்பினேன். பெருவிரல் ரேகை போதும் என்று செல்வதாஸ் மை டப்பாவைத் தேடினார். சிஜோ தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அம்மா குனிந்து மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிப் பருமனாக்கிய பேனா. கூடவே பழைய காலண்டர் தாள்களும் வந்து விழுந்தன. நான் சந்தைக்குப் போகும் நேரத்தில் எத்தனை மாதமாக நடந்ததோ, அம்மா தாளைப் பிடிக்க அவன் எழுதிப் பழகியிருக்கிறான். எனக்குத் தெரியாது.

பரீட்சை அட்டையின் மேல் சீட்டை வைத்து நான் ஒரு பக்கம் பிடித்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு மறுபக்கத்தைச் செல்வதாஸ் பிடித்தார். பேனா இரண்டு தடவை நழுவியது. ஜான்ரோஸ் எடுத்துக் கொடுத்தார். "சி" அடித்த கோட்டில் இடித்துக்கொண்டு நின்றது. "ஜோ" எழுத மூன்று தடவை கையைத் தூக்கி வைக்க வேண்டும். தூக்கி வைத்தான். கடைசிக் கால் சீட்டின் ஓரம் வரை ஓடிப்போய் நின்றது. பிறகு கீழேயும் ஒன்று போட்டான்.

தேதியை என்னை எழுதச் சொன்னார் செல்வதாஸ். எழுதினேன். 27-5-2014, செவ்வாய்க்கிழமை.